காலியாகக் கிடக்கும் கிளீனர் சீட்

ஹெவி லைசென்ஸ் வாங்கிவிடலாம். லாரி ஓட்ட எங்கே போய்க் கற்பது?

சேலம் – நாமக்கல் சாலையில் எதிரே வரும் லாரிகளின் இடதுபக்க சீட்டைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே ஆள் இல்லை. ஒரு தண்ணீர் கேன், சுருட்டி வைத்த போர்வை, தொங்கும் சார்ஜர் வயர், அவ்வளவுதான். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அந்த இடத்தில் மீசை அரும்பாத ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இடதுபக்கச் சாலையைப் பார்த்துக்கொண்டே வருவான். வண்டி நின்றால் குதித்து இறங்கி டயர்களைத் தட்டுவான். மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பான். அவன்தான் கிளீனர். நான்கைந்து வருஷம் அந்த சீட்டில் கிடந்து எழுந்த பிறகுதான் ஒருவர் ஸ்டீயரிங் பக்கம் நகர முடிந்தது. டிரைவராகப் பல வருஷம் ஓடியவர்களில் சிலர் கடன் வாங்கிச் சொந்த வண்டி போட்டார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து மானாவாரிக் காடுகளிலிருந்து கிளம்பியவர்கள் இந்தியா முழுக்க லாரி ஓட்டியது இந்த வழியில்தான்.

அந்த வழி இன்று ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. வாடகை கட்டுப்படியாகவில்லை, டீசலும் சுங்கமும் ஏறிவிட்டன, இன்னொரு ஆளுக்குச் சம்பளமும் சாப்பாடும் கொடுக்க முடியாது என்கிறார்கள் உரிமையாளர்கள். பையன்களும் வருவதில்லை. அடியும் திட்டும் வாங்கிக்கொண்டு, கூலி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாமல், படிக்க வேண்டிய வயதை லாரியில் கழித்த அந்த வாழ்க்கை திரும்ப வர வேண்டும் என்று யாரும் விரும்ப முடியாது. ஆனால் அந்தச் சிறுவனோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமும் போய்விட்டது. அதற்கு மாற்றாக இன்றுவரை நாம் எதையும் வைக்கவில்லை.

லாரியில் இரண்டாவது ஆள் இல்லாமல் போனதற்குச் சட்டமும் ஒத்துழைத்தது. தேசிய பெர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், மாற்று ஓட்டுநர் கால்நீட்டிப் படுக்க டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முழு அகலத்துக்கு இருக்கை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் எழுதப்பட்டிருந்தது. நடைமுறையில் பலரும் அதை மதிக்கவில்லை என்பது வேறு. 2018-இல் அந்த இரண்டு ஓட்டுநர் நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். தனி ஆளாக நாடு கடக்கும் வழக்கம் அதன்பிறகு சட்டப்படியும் சரியாகிவிட்டது.

இன்று லாரி ஓட்டுநராக விரும்பும் இருபது வயது இளைஞர், டிரைவிங் ஸ்கூலின் காலி வண்டியில் ஒரு மாதம் பழகி, ஆர்.டி.ஓ. மைதானத்தில் சில நிமிடம் ஓட்டிக் காட்டி, லைசென்ஸ் வாங்குகிறார். அடுத்த வாரமே முழு லோடோடு ஒரு டாரஸ் லாரியை அவர் கையில் கொடுத்து, ஆயிரம் கிலோமீட்டர் தனியாகப் போய்வரச் சொல்ல ஆள் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்கும் அந்த ஆயிரம் கிலோமீட்டருக்கும் நடுவே என்ன இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சட்டம் கேட்பது இவ்வளவுதான்

முதலில் காகித வழியைச் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே இலகு ரக வாகன லைசென்ஸ் எடுத்து ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். ஆகவே 18 வயதில் கார் லைசென்ஸ் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். பிறகு ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட வேண்டும். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ மருத்துவச் சான்றும், பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5-உம் வேண்டும். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டப் போக முடியும். கிடைக்கும் லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். 2019 திருத்தத்துக்கு முன் அது மூன்று ஆண்டாக இருந்தது.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியும் 2019-இல் நீக்கப்பட்டது. பள்ளிக்குப் போக முடியாமல் போனவர்களுக்கு ஒரு பிழைப்புக் கதவு திறந்தது என்ற வகையில் அது நல்லதுதான். ஆனாலும் படிக்கத் தெரியாத ஓட்டுநர் இன்று மிகவும் சிரமப்படுவார். இ-வே பில்லில் எந்தத் தேதிவரை செல்லும், வண்டி எண் சரியாக இருக்கிறதா, டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது என்பதையெல்லாம் அவர்தான் பார்த்தாக வேண்டும். கேஸ், பெட்ரோல், அமிலம் ஏற்றும் டேங்கருக்குப் போக விரும்பினால் விதி இன்னும் இறுகுகிறது. இந்திய மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். ஆபத்தான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் அதைப் பதிய வேண்டும். நாமக்கல் கேஸ் டேங்கர்களுக்குப் பேர்போன ஊர் என்பதால் அங்குள்ள இளைஞர்களுக்கு இது தெரிந்திருக்கும். மற்ற மாவட்டத்துக்காரர்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டேங்கர் வேலையில் கட்டுப்பாடு அதிகம்.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி எழுகிறது. சின்ன சரக்கு வண்டி ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டுமா? மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்தை இலகு ரக லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. பெரிய லாரிக்குப் போகும் முன் இரண்டு ஆண்டு இத்தகைய சிறு வண்டியில் சரக்கு ஏற்றி இறக்கிப் பழகுவது, யாரும் எழுதிவைக்காத மிக நல்ல முன்பயிற்சி. ஊருக்குள் மார்க்கெட் சந்துகளில் ரிவர்ஸ் எடுத்துப் பழகிய கை, பெரிய வண்டியில் தடுமாறாது.

காலி வண்டி சொல்லித் தராதது

பயிற்சிப் பள்ளிகளுக்கும் விதி இருக்கிறது. சரக்கு, பயணிகள் வாகனங்களுக்கான வகுப்பு 30 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் உண்மையாக ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது. 2021-இல் வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதியில் இது கொஞ்சம் உயர்ந்தது. கனரக வாகனத்துக்கு, வகுப்பறைப் பாடமும் சேர்த்து 38 மணி நேரம், ஆறு வாரத்துக்குள். அந்த மையத்தில் தேறியவர்கள் ஆர்.டி.ஓ.வில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.

பதினைந்து மணி நேரம் என்பது நாமக்கல்லிலிருந்து ஒரு லோடு கிளம்பினால் ஒரே நாளில் கரைந்துவிடும் நேரம். பள்ளியில் சேருமுன் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளை இங்கே சொல்கிறேன். அங்கே இருக்கும் வண்டி எத்தனை வருஷப் பழசு? ஏர் பிரேக் வண்டியா? லோடு ஏற்றி ஓட்டக் கொடுப்பார்களா? மலை இறக்கத்துக்குக் கூட்டிப்போவார்களா? இரவில் ஓட்டப் பழக்குவார்களா? ஒரே வண்டியில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுக்கிறார்களா? இவற்றில் கடைசிக் கேள்விக்கு மட்டும் 'ஆமாம்' என்ற பதில் வருமானால் வேறு இடம் பாருங்கள்.

கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பிரிவும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்திவரும் ஓட்டுநர் பயிற்சி மையமும் இந்த விஷயத்தில் பெயர் பெற்றவை. பக்கத்து மாவட்டம் தாண்டிப் போய்த் தங்கிப் படிப்பது செலவாகத் தெரியலாம். ஆனால் இந்த வேலையில் குறைவாகக் கற்றதன் விலையைச் சாலையில் போகும் இன்னொருவரும் சேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வார்த்தையில் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஆறு சக்கர லாரியிலேயே முழு லோடு ஏறியதும் எடை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 55 டன்வரை போகலாம் என்று 2018-இல் வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள். அந்த எடை வேகம் பிடித்துவிட்டால் பிரேக்கை மிதித்த இடத்தில் நிற்காது. பள்ளி மைதானத்தில் பழகிய கால், எதிரே மாடு வந்ததும் பழைய தூரத்தையே கணக்குப் போடும். இதில் இன்னொரு முரணும் உண்டு. மழைநாளில் ஆபத்து அதிகம் காலி வண்டிக்குத்தான். பின்னால் பாரம் இல்லாததால் பிரேக் மிதித்ததும் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கித் திரும்பிவிடும்.

சரக்குக்குச் சரக்கு வண்டியின் குணம் மாறும். பஞ்சுப் பொதி உயரமாக ஏறும். வளைவில் வண்டி சாய்ந்துகொடுக்கும். ஊர்ச்சாலையில் மின்கம்பியைப் பார்த்துப் போக வேண்டும். இரும்புச் சுருளைச் சங்கிலியால் சரியாகக் கட்டாவிட்டால் திடீர் பிரேக்கில் அது கேபினை நோக்கி வரும். அரை டேங்கர் திரவம் எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. தளும்பும் குடத்தைத் தலையில் வைத்து நடப்பவர் நின்ற பிறகும் தண்ணீர் நிற்காமல் ஆடுவதைப்போல, வண்டி நின்ற பின்னும் உள்ளே இருப்பது முன்னுக்குத் தள்ளும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும். டிரெய்லரில் வளைவு திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் ஒரு டூவீலர் புகுந்திருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் கிளீனர் பையனுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. தார்ப்பாய் கட்டும்போது, கயிறு இறுக்கும்போது, லோடுமேன்களோடு நின்று மூட்டை எங்கே அடுக்குகிறார்கள் என்று பார்க்கும்போது அவன் உடம்பில் ஏறியது. ரிவர்ஸ் எடுக்கையில் பின்னால் நின்று வண்டியின் உடம்பைத் தட்டித் தட்டிச் சைகை கொடுத்தவனுக்கு, அந்த வண்டியின் நீளமும் அகலமும் தெரியும். இடதுபக்கக் கண்ணாடியில் விழாத இடம் எது என்பதும் தெரியும். ஏனென்றால் அந்த இடத்தைப் பார்ப்பதே அவன் வேலையாக இருந்தது.

தொப்பூர் இறக்கம்

பெங்களூரிலிருந்து சேலம் வரும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய் வருகிறது. நீண்ட இறக்கமும் வளைவுமான அந்தப் பகுதியில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் கார்களை நசுக்கிய செய்திகளை நாம் வருஷந்தோறும் படிக்கிறோம். 2024 ஜனவரியில் நான்கு பேர் இறந்த விபத்தின் கேமரா பதிவைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

லாரி ஓட்டப் பழகும் ஒருவர் மற்ற எதைக் கற்காவிட்டாலும் இறக்கத்தில் வண்டியை இறக்கக் கற்றே ஆக வேண்டும். ஏர் பிரேக்கின் கதை இது: எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசர் காற்றை அழுத்தி டேங்குகளில் நிரப்புகிறது. மிதியை மிதிக்கும்போது அந்தக் காற்று போய்ச் சக்கரங்களில் பிரேக்கை அழுத்துகிறது. மிதித்து விட்டு, மிதித்து விட்டு இறங்கினால் காற்றும் செலவாகும். அதைவிட மோசமாக, டிரம்மும் லைனிங்கும் பழுக்கச் சூடேறும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. கருகிய லைனிங் வாசனை வரும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

அதனால்தான் ஏறும்போது எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். வண்டியைப் பிடித்து வைப்பது எஞ்சினின் வேலை. எக்ஸாஸ்ட் பிரேக் அதற்குத் துணை. கால் பிரேக் கடைசியில். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு கியர் விழாது, வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறாக ஒரு பழக்கம் தொழிலில் ஊறிக் கிடக்கிறது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டிவிடுவது. சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவார்கள். அப்போது காற்றும் ஏறாது. மைலேஜுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் உரிமையாளர்களும் இந்தப் பழக்கத்துக்குப் பொறுப்பு. உண்மையில் இப்போதுள்ள கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் செலுத்துவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் ஐட்லிங்கில் ஓட டீசல் குடிக்கிறது. உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் அந்த டீசல் மிச்சமே ஆவதில்லை. இந்த ஒரு தகவலை ஒவ்வொரு லாரி ஷெட்டிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

சத்தியமங்கலத்திலிருந்து மேலேறும் திம்பம் சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே பாடம்தான். அங்கே புலிகள் காப்பகம் என்பதால் இரவுப் போக்குவரத்துக்கும் பெரிய வண்டிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. லோடு எடுக்கும்முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். இப்படி எந்தச் சாலையில் எப்போது எது ஓடலாம் என்பதும் ஓட்டுநர் அறிவில் ஒரு பகுதி. கூகுள் மேப் காருக்கு வழி காட்டுகிறது. பாலத்தின் உயரம் அதற்குத் தெரியாது.

புதிய பி.எஸ்.-6 வண்டிகள் இன்னொரு பாடத்தைச் சேர்த்திருக்கின்றன. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான லாரிகளில் டீசல் டேங்கோடு, புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவத்துக்கு ஒரு டேங்கும் இருக்கிறது. அது தீர்ந்துபோனாலோ, கலப்படச் சரக்கை ஊற்றினாலோ எஞ்சின் தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். மேட்டில் வண்டி முனகி நின்றுவிடும். ஸ்பேனர் எடுத்து ரிப்பேர் பார்த்த காலம் போய்விட்டது, கம்பெனி ஆள் வந்து லேப்டாப் மாட்ட வேண்டும். ஆனாலும் காலையில் வண்டி எடுக்கும்முன் செய்ய வேண்டியவை மாறவில்லை. எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவது, வீல் நட்டுகள், விளக்குகள். இரும்புக் கம்பியால் டயரைத் தட்டினால் வரும் ஓசையில் காற்றுக் குறைந்த டயரைக் கண்டுபிடிக்கும் வித்தை இன்றும் செல்லும். இரட்டை டயரில் உள்பக்கம் இருப்பது காற்று இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்.

உடம்பும் தூக்கமும்

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை வரம்பு எழுதியது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடாமல் அரை மணி நேரம் ஓய்வு என்றும் சொன்னது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நீண்டதூர லாரிகளில் அது நடைமுறைக்கு வரவே இல்லை. பேட்டா டிரிப்புக்குக் கிடைக்கிறது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் சீக்கிரம் அடுத்த லோடு. ஓய்வெடுத்தால் காசு குறையும் என்ற ஏற்பாட்டில் எந்த மனிதர் ஓய்வெடுப்பார்?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் லாரி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. அதிகாலை மூன்று மணிக்குக் கண் மூன்று வினாடி சொருகினால் வண்டி 66 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் போய்விடும். டீயும் பாக்கும் உரத்த பாட்டும் கண்ணைத் திறந்து வைக்குமே தவிர மூளையை விழித்திருக்க வைக்காது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே. புதிதாக வருபவர்கள் முதல் டிரிப்பிலிருந்தே பின்னிரவில் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே வண்டியை ஓரங்கட்டிப் படுக்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பங்கில், வெளிச்சமுள்ள இடத்தில், மற்ற லாரிகளோடு நிறுத்த வேண்டும். சாலை ஓரத்தில் இண்டிகேட்டர்கூடப் போடாமல் நிற்கும் லாரியின் பின்னால் மோதி எத்தனை வேன்களும் கார்களும் அழிந்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 50,000-க்கும் மேற்பட்ட லாரி ஓட்டுநர்களைப் பரிசோதித்து 2025-இன் தொடக்கத்தில் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்வைக் குறை இருந்தது. படிவம் 1-ஏவில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் வழக்கத்தின் விளைவு இது. கண்ணாடி போட்டால் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. கண்ணாடி போட்டு ஓட்டுவதில் தவறே இல்லை. உண்மையான கண் மருத்துவரிடம் போய் எதிர்வெளிச்சத்தில் பார்வை எப்படி இருக்கிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுகுவலி, தண்ணீர் குடிக்காமல் வரும் சிறுநீரகக் கல் எல்லாம் இந்தத் தொழிலில் முப்பத்தைந்து வயதிலேயே வந்து நிற்கின்றன. 2025 முதல் புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் எஞ்சின் சூட்டோடு உட்கார்ந்தவர்களுக்கு எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியம்.

லாபம் ஒருவருக்கு, லைசென்ஸ் இன்னொருவருக்கு

ஓவர்லோடு போட்டால் கூடுதல் வாடகை உரிமையாளருக்கும் சரக்குக்காரருக்கும் போகிறது. 2019 திருத்தச் சட்டப்படி அதற்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. அபராதத்தை உரிமையாளர் கட்டிவிடலாம். ஆனால் சரக்கு வண்டியில் ஓவர்லோடு, அதிவேகம், போன் பேசிக்கொண்டு ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது போன்ற குற்றங்களுக்கு ஓட்டுநரின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் அறிவுறுத்தியது. அந்த மூன்று மாதச் சோற்றை யார் போடுவார்கள் என்று வேலைக்குச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் எந்தப் பள்ளியும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், உயிர்போகும் விபத்து நடத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு சிறை என்ற 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரிகள் நின்றன. சட்டம் அந்த ஆண்டு ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு முன்பிருந்தே இருக்கிறது: அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை, கூட்டம் அடிக்க வரும் சூழலில் அவர் விலகலாம், போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அடிக்குப் பயந்து ஓடியவரும் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓடினால் சட்டம் அவர் பக்கம் இருக்கும். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 என்று முதலிடத்தில் இருந்தது. எல்லாப் பழியையும் லாரி மேல் போட முடியாது. ஆனாலும் பெரிய வண்டி ஓட்டுபவர் கையில் மற்றவர் உயிர் அதிகம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. லைசென்ஸ் கைக்கு வந்ததும் அதில் பதிவு செய்துவிடுவது நல்லது. விபத்தில் கை கால் போன பிறகு பதிவு அட்டை தேடி அலையும் குடும்பங்கள் ஏராளம்.

பெண்கள் இந்த வேலைக்கு வர முடியுமா என்று கேட்பவர்களுக்கு, வசந்தகுமாரி 1993-இலேயே அரசுப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார் என்பதே பதில். கன்னியாகுமரி மாவட்டத்தில் அவர் ஓட்டியதும் கனரக வாகனம்தான். லாரியில் பெண்களைத் தடுப்பது வண்டியின் எடை இல்லை. நெடுஞ்சாலையில் நம்பி நுழையக் கூடிய கழிவறையும் குளிக்க இடமும் பயமில்லாமல் படுக்க இடமும் இல்லாததுதான். அவை வந்தால் ஆண் ஓட்டுநர்களின் வாழ்க்கையும் மாறும்.

யார் நிரப்புவது?

டிரைவர் கிடைக்கவில்லை என்று உரிமையாளர்கள் சொல்வது உண்மை. ஷெட்டில் ஆளில்லாமல் நிற்கும் வண்டிக்கும் மாதத் தவணை கட்ட வேண்டியிருக்கிறது. லாரி ஓட்டியவர்கள் தங்கள் பிள்ளைகளை இந்த வேலைக்கு விடுவதில்லை. படிக்க வைத்து வேறு வேலைக்கு அனுப்புகிறார்கள். அது அவர்கள் உழைப்பின் பலன், குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியிலிருந்து வரும் புதியவர்களுக்கு லாரிக்குள் வளர்ந்த அறிவு இல்லை. கற்றுக்கொடுக்க ஏற்பாடும் இல்லை.

தொழில் பழகுநர் சட்டமும், மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்த அதே 1961-இல் வந்ததுதான். ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் ஒரு தொழிற்சாலையில் உதவித்தொகையோடு பழகிய பிறகே முழு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கையாளும் எந்திரம் ஓரிடத்தில் போல்ட் போட்டு நிற்கிறது. பொதுச் சாலையில் பல டன் எடையை ஓட்டிப்போகும் தொழிலில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. ஹெவி லைசென்ஸ் எடுத்த இளைஞரை ஆறு மாதமாவது அனுபவமுள்ள ஓட்டுநரோடு, உதவித்தொகையும் காப்பீடும் கொடுத்து, இரண்டாவது சீட்டில் உட்கார வைக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் தார்ப்பாயும் கயிறும் காலைச் சோதனையும், பிறகு பகலில் சமதளத்தில் ஓட்டம், பிறகு இரவு, கடைசியில் மலை. கற்றுக்கொடுக்கும் மூத்த ஓட்டுநருக்கும் அதற்கென்று கூடுதல் பேட்டா தர வேண்டும். சிறுவயதுப் பையன்களைச் சுரண்டிய பழைய முறையின் அறிவை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் கொடுமையை விட்டுவிட இதுவே வழி. உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசு ஏற்றால், சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் உள்ள உரிமையாளர் சங்கங்களால் மீதியை ஏற்க முடியும். ஒரு விபத்துக்கு ஆகும் செலவை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை.

அந்த ஏற்பாடு வரும்வரை காத்திருக்க முடியாமல் இந்த ஆண்டே லைசென்ஸ் எடுக்கப்போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதிகச் சம்பளம் தருபவரிடம் முதல் வேலைக்குப் போகாதீர்கள். டபுள் டிரைவர் போட்டு அனுப்புபவரைத் தேடிப் போங்கள். சம்பளம் ஐயாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. நல்ல டிரைவர் என்று நாலு பேர் சொல்லும் ஒருவரோடு ஆறு மாதம் ஓடுங்கள். மலைச்சாலையில் முழு லோடோடு தனியாகப் போகச் சொன்னால், இன்னும் பழகவில்லை என்று சொல்லி மறுத்துவிடுங்கள். டிரைவருக்குப் பஞ்சம் உள்ள காலம் இது. நீங்கள் மறுத்தால் வேலை போய்விடாது.